இருபத்து நான்கு பெட்டிகளும் அவள் கையும்

என் தங்கை தையல் இயந்திர உதிரிபாகக் கடையில் பத்தொன்பது வருடம் மூன்று மாதம் வேலை பார்த்தாள். கடையை மூடிய முதலாளி, போனில் வரும் ஆர்டர்களை மட்டும் அவளே வீட்டிலிருந்து கவனிக்கட்டும் என்றார். கணவர் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே பிடிப்பு அந்த வேலை. கீழ்வீட்டின் முன்னறை ஆபீஸ் ஆயிற்று. மாடியில் நான்.

மார்ச் 11ஆம் தேதி முதலாளி அனுப்பிய உதிரிபாகப் பெட்டிகள் வந்தன. ஒன்றோடொன்று கிளிப் போட்டு மாட்டும் ரகம். முப்பத்தைந்து சென்டிமீட்டர் சதுரம். சுவரோரம் நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு. அவளேதான் அடுக்கினாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பாபின், அதாவது நூல் சுற்றும் சின்னச் சக்கரம், இரண்டு அளவில் உண்டு. பெரியது இடது மேல்மூலையில், சிறியது வலது கீழ்மூலையில். நடுவில் பெல்ட், ஸ்பிரிங், எண்ணெய்ப் புட்டி என்று ஒரே கதம்பம்.

"ஏம்மா, இந்தப் பாபின் அண்ணனும் தம்பியும் ஏன் இப்படிப் பாகம் பிரிச்சுட்டு நிக்கிறாங்க?"

"சேர்த்து வெச்சா சண்டை போடுறாங்க அண்ணா. நீ உன் வேலையைப் பாரு."

பார்சல்மீது விலாசத்தை அவள் சொல்ல, கூரியர்காரர்தான் எழுதுவார்.

"நீங்க பெரிய ஆபீசரா பிறந்திருக்கணும் அக்கா. வாயை அசைக்கிறீங்க, நான் எழுதுறேன்."

"அதான் உன் கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கறேன்."

ஜூன் 2ஆம் தேதி அவளுடைய மகள் வந்து மூன்று நாளைக்கு அழைத்துப்போனாள். சாவி என்னிடம். முப்பத்தாறு வருடம் கிடங்குப் பதிவேடு எழுதியவன் நான். கை சும்மா இருக்கவில்லை. எல்லாப் பெட்டிகளையும் கழற்றி, பொருள்களை இனம் இனமாகப் பிரித்து அடுக்கினேன். உருண்டையானவை ஒரு வரிசை, நீளமானவை ஒரு வரிசை. இரண்டு பாபினும் பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டினேன்.

அவள் திரும்பிய அன்றே ஒரு தையல்காரர் போன் செய்தார். கேட்பதை வாய்விட்டுச் சொல்வது அவள் வழக்கம். "பெரிய பாபின் பத்தா? அனுப்பிடறேன்." கை மேல்மூலைக்குப் போய் ஒரு பெல்ட்டோடு வந்தது. அடுத்த பெட்டி. அதற்கடுத்தது.

"அண்ணா, இதைத் தொட்டியா?"

"பேர் எழுதி ஒட்டியிருக்கேனே. பெரிய எழுத்துதான், படிச்சுப் பாரேன்."

அவள் முகத்தைச் சீட்டருகே கொண்டுபோனாள். மூக்கு பெட்டியில் இடித்தது.

"எது எழுத்து, எது வெள்ளைன்னே தெரியலை அண்ணா."

ஒன்றரை வருடமாகப் பார்வை போய்க்கொண்டிருந்திருக்கிறது. இனித் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதலாளி காதுக்கு எட்டினால் வேலை போய்விடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. விரலுக்கு ஒன்றுபோல் படுகிறவற்றை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் வைத்திருந்தாள். நான் அவற்றைத்தான் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தேன்.

"பழையபடி வெச்சுடறேன். எது எங்கே இருந்துச்சு, சொல்லு."

"கைக்குத்தான் தெரிஞ்சுது. இப்போ அதுவும் குழம்பிடுச்சு."

"அப்போ நான் பக்கத்துல நின்னு எடுத்துத் தரேன்."

"அப்புறம் அது உன் வேலை. என்னுது இல்லை."

மின்விசிறிக்கு எண்ணெய் விட்ட தேதிகூட என் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்தப் பெட்டிகளின் பழைய அடுக்கு இல்லை. அது ஓர் ஒழுங்கு என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

நினைவிலிருந்த இரண்டு மூலைகளை மட்டும் திருப்பி வைத்தேன். மற்றவற்றில் அவள் விரல் தடுமாறியது. ஜூனில் ஏழு பார்சல்கள் திரும்பி வந்தன, ஜூலையில் பதினொன்று. ஆகஸ்ட் 19ஆம் தேதி முதலாளியே வந்தார். ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. பெட்டிகளைத் திரும்ப எடுத்துப்போக ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெட்டிகள் கழலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தங்கையின் உதடு அசைந்தது. இருபத்து நான்கு வரை எண்ணியிருப்பாள்.

பழைய தையல்காரர்கள் சிலர் இன்னும் போன் செய்கிறார்கள். "சின்ன ஸ்பிரிங்கா?" என்கிறாள். வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்வதற்குள் அவள் வலது கை வெற்றுச் சுவரில் அது முதலில் இருந்த இடத்தை நோக்கி எழுந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். சின்ன ஸ்பிரிங்: மூன்றாம் வரிசை, இடமிருந்து நான்கு. அவளிடம் சொல்லவில்லை.

நேற்று வரை பதினாறு பெட்டிகளின் இடம் தெரிந்துவிட்டது. மீதி எட்டு. போன் வருவது குறைந்துகொண்டே போகிறது.