நாகராசு பெஞ்சாதி செவந்தி

சும்மா வருகிற எதையும் செவந்தி நம்பமாட்டாள். இலவசக் கண் முகாமுக்குப் போய்வந்த அவள் அம்மாவுக்கு இடது கண் அடியோடு போனதிலிருந்து அப்படித்தான். அரிமளம் பக்கத்துத் தைலமரக் காடுகளில் பட்டை உரிக்கிற வேலை அவளுக்கு. புருஷன் நாகராசு திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தான். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வந்துபோவான். ஒரே மகள் அன்புமொழி. காதில் சீழ் வடிந்து வடிந்து, ஆறாம் வகுப்பில் டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடுவதே அவளுக்குக் கேட்காமல் போனது.

அப்போதுதான் பிரவீன்குமார் பைக்கில் வந்து இறங்கினான். வெளிநாட்டு டிரஸ்ட் ஒன்றுக்கு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கிறவன். காது ஆபரேஷன் செய்து தருவார்கள், பன்னிரண்டாவது வரை தனியார் பள்ளியில் படிக்கவும் வைப்பார்கள் என்றான்.

“எங்க புள்ளைக்கு அவுக எதுக்குச் செய்யணும்?”

“நல்ல மனசுக்காரங்க அக்கா.”

“அவுக ஊருல ஏழையே இல்லாமயா இங்கிட்டு வாராக?”

அவன் சிரித்து மழுப்பினான். வேறு வழி இல்லாமல்தான் செவந்தி சம்மதித்தாள்.

திருச்சியில் ஆபரேஷன். மகளை உள்ளே கொண்டுபோனதிலிருந்து கதவை விட்டு நகரவில்லை. வெளியே கொண்டுவந்ததும் போர்வையை விலக்கி வயிறு, விலா, முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாள், வேறெங்கும் தையல் இருக்கிறதா என்று.

“காதுலதாம்மா ஆபரேஷன்!” என்று நர்ஸ் அதட்டினாள்.

“தெரியுங்க. பாத்துக்கிறேன்.”

கட்டு அவிழ்த்துச் சில வாரம் கழித்து, பின்னால் நின்று மெல்ல “அன்பு” என்றாள். மகள் திரும்பினாள். செவந்தி அடுப்படிக்குள் போய் அழுதாள்.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. டிரஸ்டுக்கு அனுப்ப வருஷா வருஷம் பிரவீன்குமார் அன்புமொழியைப் போட்டோ எடுக்க வருவான். புதுச் சுடிதாரை மாற்றிவிட்டுப் பழைய பாவாடையைக் கட்டச் சொல்வான். பக்கத்து வீட்டு இடிந்த மாட்டுக்கொட்டகை முன்னால் நிற்க வைப்பான்.

“நாங்க என்ன கொட்டாயிலயா குடியிருக்கோம்?”

“அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்குக்கா.”

உச்சி வெயிலில் எங்கேதான் வெளிச்சம் இல்லை? செவந்தி அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம், டிரஸ்ட் வழியாக அன்புமொழிக்குப் பணம் அனுப்புகிற அம்மாளே நேரில் வந்தாள். பேர் ஹெல்கா. நரைத்த தலை, நல்ல உயரம். வந்ததும் செவந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்க இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

“பாப்பா நல்லாப் படிக்குதுன்னு சந்தோசப்படுறாங்க” என்றான் பிரவீன்குமார்.

துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரியல்லவா கையைப் பிடித்திருக்கிறாள்! செவந்தி மகளைப் பார்த்தாள். ஒன்பதாவது படிக்கிற அன்புமொழிக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். அவள் முகம் மாறியிருந்தது.

“என்னடி சொல்றாக?”

“அப்பா செத்ததுக்கு வருத்தப்படுறாங்கம்மா. இவங்க வீட்டுக்காரரும் தவறிட்டாராம்.”

“பாப்பா தப்பாப் புரிஞ்சுக்கிச்சுக்கா” என்று பிரவீன்குமார் குறுக்கே விழுந்தான்.

செவந்தி போனை எடுத்து வீடியோ கால் போட்டாள். சாயம் ஏறிய கையோடு நாகராசு தெரிந்தான்.

“என்னடி, வேலை நேரத்துல?”

“ஒண்ணுமில்ல. இவுகளுக்கு ஒரு வணக்கம் வைங்க.”

போனை ஹெல்காவின் பக்கம் திருப்பினாள். அவன் கும்பிட்டான். “இதுதான் எங்க அப்பா” என்று அன்புமொழி இங்கிலீஷில் சொன்னாள். ஹெல்கா வெகுநேரம் போனையே பார்த்தாள். பிறகு பிரவீன்குமாரைப் பார்த்தாள். காரில் ஏறிவிட்டாள்.

பிரவீன்குமார் பின்தங்கி நின்றான். “அப்பா இல்லாத புள்ளைகளுக்குத்தான்க்கா மொதல்ல குடுப்பாங்க. காது கேக்கட்டும்னுதான் அப்படி எழுதுனேன்.”

“என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?”

செவந்தி மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அதோடு உதவி நின்றது. வந்த லட்சுமியை விரட்டிவிட்டாள் என்று பக்கத்து வீட்டு ராஜலட்சுமி பேசினாள். “செத்தவனாவே இருந்துட்டுப் போறேன், புள்ள படிக்கட்டும்னு விட்டிருக்கலாம்ல?” என்றான் நாகராசு. செவந்திக்கும் ராத்தூக்கம் கெட்டது. மகளைத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் சேர்த்தாள். பிரவீன்குமாருக்கு வேலை போய், பொன்னமராவதியில் செல்போன் கடையில் நிற்பதாகக் கேள்விப்பட்டபோது, சந்தோஷப்பட முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து அன்புமொழி பேருக்கு ஒரு கடிதம் வந்தது. டிரஸ்டில் சண்டை போட்டுப் பார்த்தேன், அவர்கள் இசையவில்லை; அப்பா இருக்கிற பிள்ளை என்று தெரிந்தே என் கைக்காசில் படிக்க வைக்கிறேன், சம்மதமா என்று ஹெல்கா கேட்டிருந்தாள். மகள் படித்துச் சொன்னதும், செவந்தி அதே கடிதத்தை இங்கிலீஷ் டீச்சரிடம் கொண்டுபோய் மறுபடி படிக்கச் சொன்னாள். இரண்டு பேரும் சொன்னது ஒன்றாக இருந்தது.

அப்புறம்தான் மகளைப் பதில் எழுத உட்கார வைத்தாள்.

“அப்பா வேலை, என் வேலை, காங்கிரீட் வீடு, மூணு ஆடு, ஒண்ணு விடாம எழுது. அதையும் படிச்சிட்டுக் குடுக்கணும்னு தோணுனா குடுக்கட்டும்.”