பாய் உயரத்தில் ஒரு வண்டி

என் அத்தான் லுதேருவுக்குத் தொழில் சுத்தம், புத்திதான் கொஞ்சம் மந்தம். சவாயித் தீவில் எங்கள் பக்கம் சர்க்கரை நோயில் கால் போனவர்களுக்கெல்லாம் சக்கர நாற்காலி செய்து கொடுப்பவர் அவர்தான். கொடுத்துவிட்டு, “நல்லா இருக்கா?” என்று கேட்பார். செய்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல எங்கள் ஜனத்துக்கு வாய் வருமா? “ரொம்ப நல்லா இருக்கு” என்று சொல்லி, சுட்ட சேப்பங்கிழங்கும் பன்றிக்கறியும் கட்டிக் கொடுப்பார்கள். மனுஷன் பூரித்துப் போவார். அவர் தலை மறைந்ததும் நாற்காலியில் ஈரத்துணி காயும்.

பிறகு என் அக்கா மசினாவுக்கே ஒரு கால் போனது. மிச்சக் கால் தரையில் உரசவே கூடாது, புண் வந்தால் அதையும் எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். அத்தான் ஊண் உறக்கமின்றி அவளுக்கொரு நாற்காலி செய்தார். குடும்பக் கூட்டத்தன்று அக்கா அதை வாசலிலேயே விட்டுவிட்டு, சரளையில் தவழ்ந்து உள்ளே போனாள். பாதத்தில் தோல் உரிந்தது.

“செத்துத் தொலையணும்னு முடிவு பண்ணிட்டியா? எதுக்குடி இந்தப் பிடிவாதம்?” என்று வீட்டில் அத்தான் கத்தினார்.

“பெரியவங்க எல்லாரும் பாயில உக்காந்திருக்காங்க. நான் மட்டும் அவங்க தலைக்கு மேல உக்காரணுமா? அப்புறம் என் பேச்சை எவன் மதிப்பான்?”

அத்தானோ பாயிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், ஆஸ்பத்திரி நாற்காலியை அளந்து செய்திருக்கிறார்!

“முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?”

“நல்லா இருக்கான்னுதான் கேட்டீங்க. என்ன வேணும்னு எப்பக் கேட்டீங்க?”

அவளோடு பாயில் உட்கார்ந்து அளந்து, பாய் உயரத்துக்குத் தாழ்வாக ஒரு வண்டி செய்தார். காலை நீட்டி வைக்க முன்னால் பஞ்சு வைத்த பலகை. அது முடிவதற்குள் புண் கறுத்துவிட்டது. டாக்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அந்தக் காலையும் எடுக்கத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, அக்கா அந்த வண்டியில் கூட்டத்துக்குப் போனாள். எல்லோருக்கும் சமமாக உட்கார்ந்து பேசினாள். பெரியவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள்.

வெளியே வந்ததும் அத்தான் அவள் எதிரே குந்தினார். “இதுல இன்னும் என்ன மாத்தணும், சொல்லு மசினா.”

அக்கா முன்பலகையைத் தடவினாள்.

“இதைக் கழட்டிடுங்க. நாளையிலருந்து தேவைப்படாது.”