சேவியரின் கையெழுத்துக்கு மேலே

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் வரைபடங்களுக்கு எண் இட்டுக்கொண்டிருந்தபோது முருகேசன் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் கம்பெனியில் சாரம் கட்டும் வேலை செய்பவர், புதுக்கோட்டைக்காரர். "சார், நம்ம டிக் சேவியர் போயிட்டாராம். ஊர்ல. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லையாம்." நான் "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். பிறகு அடுத்த வரைபடத்துக்கு எண் போட்டேன். அது தவறான எண். அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன்.

பஹ்ரைனில், நாம் வாழும் இந்தக் குதைபியாவில் சேவியரை அறிந்தவர்களுக்கு அந்தப் பட்டப்பெயரும் தெரியும். அது எப்படி வந்தது என்பதும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் அறிந்தது தவறு. அதைச் சொல்லத் தகுதியுள்ளவன் நான்தானா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேறு யாரும் இல்லை.

சேவியர் குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். மனாமாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஆஸ்திரேலியர்கள் தங்கள் நாட்டுக் கால்பந்து ஆடும் மைதானத்தில் முதலுதவி அவர் பொறுப்பு. முட்டை வடிவப் பந்து. காலால் உதைக்கலாம், கையாலும் குத்தி அனுப்பலாம். நான்கு கம்பங்களில் நடு இடைவெளியில் உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்தில் போனால் ஒன்று. அந்தப் புள்ளிகளைக் குறிப்பது என் வேலை. எங்கள் கம்பெனியின் ஆஸ்திரேலிய மேலாளர் அங்கே ஆடுபவர். கணக்கில் தவறாத ஆள் என்று சொல்லி என்னை மேசையில் உட்காரவைத்தவர் அவர்தான்.

தரை இறுகிய மைதானம் அது. அதனால் பூட்ஸின் அடியில் உலோகக் குமிழ்கள் கூடாது, பிளாஸ்டிக் மட்டுமே என்பது அந்த ஆஸ்திரேலியர்களின் விளையாட்டு மன்றத்தின் விதி. ஆட்டத்துக்கு முன் சேவியர் ஒவ்வொருவரின் காலையும் மாட்டுக்கு லாடம் அடிப்பவரைப் போல மடக்கிப் பிடித்து, அடிப்பாகத்தில் தன் உள்ளங்கையை ஓட்டுவார். "பூட்ஸ கண்ணால பாக்கப்பிடாது சாரே. கை தான் பாக்கணும்" என்பார். சரியாக இருந்தால் பெயரை உரக்கச் சொல்வார், நான் தாளில் டிக் போடுவேன். எல்லாம் முடிந்ததும் அடியில் அவர் கையெழுத்து. வராதவர்களின் கட்டத்தில் கோடு இழுக்கச் சொல்வார். "காலி இடம் விடாதிங்க, பொறவு யாராவது வந்து குடியேறிருவாவ."

ஒருமுறை ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர் உலோகக் குமிழோடு வந்தார். சேவியர் அவர் காலைக் கீழே விட்டு, "நோ பூட், நோ பிளே. கலாஸ்" என்றார், முடிந்தது என்று அரபியில். அந்த மனிதர் கத்தினார், சிரித்தார், கடைசியில் கெஞ்சினார். சேவியர் அவருக்கு முதுகைக் காட்டி அடுத்தவர் காலைப் பிடித்தார். உயரமானவர் யாரிடமோ கடன் வாங்கிய சின்ன பூட்ஸில் நொண்டிக்கொண்டே ஆடினார். நமது ஆட்கள் மைதானத்து ஓரக் கரையில் உட்கார்ந்து அன்று முழுக்கச் சிரித்தார்கள்.

அந்தக் கரையில்தான் சேவியர் முருகேசனின் பாதத்தையும் பார்த்தார். வேலைக்குக் கொடுத்த பாதுகாப்புக் காலணி உரசிக் குதிகால் புண்ணாகியிருந்தது. மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "வெளையாடுறவனுக்க பூட்ஸ பாக்க ஒரு ஆளு வச்சிருக்கானுவ. வேல செய்யுற உங்களுக்க பூட்ஸ எவன் பாக்கான்?" பக்கத்தில் நின்ற எனக்கு அது கேட்டது. கம்பெனி ஆட்களுக்குக் காலணி வாங்கும் கோப்பு என் அலமாரியில்தான் இருந்தது. நான் என் மேசைக்குத் திரும்பிப் போனேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. எங்கள் மேலாளர் வரவில்லை. சேவியர் மற்றவர்களைப் பார்த்து முடித்துக் கையெழுத்திட்டுவிட்டு, மைதானத்தின் மறுபக்கம் ஒருவருக்குக் கணுக்காலில் கட்டுப்போடப் போனார். மேலாளரின் பெயருக்கு எதிரே நான் கோடு இழுக்கவில்லை. அவர் வருவார் என்று தெரியும்; வந்து பார்க்கும்போது அவர் பெயருக்கு எதிரே கோடு இருப்பது எனக்குப் பயமாக இருந்தது. அவர் வந்தார். கார் நிறுத்துமிடத்திலிருந்து சிமெண்டுப் பாதையில் நடந்து வரும்போது டக், டக் என்று சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் அப்படிச் சத்தமிடாது. "டிக் போடுங்கள், நேரமாகிவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓடினார். எனக்கு அறுபது கடந்திருந்தது. ஆண்டுதோறும் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது அவர் கையில் இருந்தது. நான் டிக் போட்டேன்.

மூன்றாம் கால்பகுதியில் பந்துக்காக நாலைந்து பேர் ஒன்றாக விழுந்தார்கள். எதிரணி ஆட்டக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர், எழுந்திருக்கவில்லை. மேலாளரின் உலோகக் குமிழ் கிழித்து, குதிகாலுக்கு மேலே தசைநார் அறுந்திருந்தது. சேவியர் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை மண்டியிட்டிருந்தார். அந்த ஆசிரியர் பிறகு நடந்தார், ஓடவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. மேலாளர் கடைசியில் ஒரு ஆறு அடித்தார். அவர் அணி மூன்று புள்ளியில் வென்றது. அதையும் நான்தான் எழுதினேன்.

கரையில் வாக்குவாதம் அன்றே தொடங்கியது.

"எங்க ஊரு கபடியில நகம் வளந்திருந்தாலே வெளிய அனுப்பிருவான்," என்றார் முருகேசன். "இங்க காலுல ஆணிய மாட்டிக்கிட்டு ஓடுறான், அவனுக்கு ஆறு பாயிண்டா?"

டிரைவர் கணேசன் விடவில்லை. "வேணும்னா மிதிச்சான்? பந்துக்குத்தானய்யா பாஞ்சான். அடி படக்கூடாதுன்னா ரூம்ல உக்காந்து கேரம் ஆடு."

"அடி படுறது வேற. இது கத்தி."

"சரி, தப்புன்னே வச்சுக்க. அந்தக் கோல எடுத்துட்டா ஜெயிச்சது யாரு?"

"எதிர் டீமு."

"எடுப்பானா? மாட்டான். பூட்ஸ பாத்து உள்ள விட்டது யாருன்னுதான் கேப்பான்."

"யாரு பாத்தது?"

"நம்ம சேவியர்தான். டிக் போட்டிருக்காராம்ல."

ஒரு கை தூரத்தில் நான் இருந்தேன். தாள் என் மடியில் பைக்குள் இருந்தது. குதைபியாவின் அறைகளிலும் சாயாக்கடையிலும் அந்த வாக்குவாதம் வாரக்கணக்கில் நடந்தது. கோல் செல்லுமா என்பது மெல்ல மறந்துபோய், சேவியர் மட்டும் மிஞ்சினார். டிக் சேவியர்.

மன்றத்தினர் விசாரித்தார்கள்; தாளைக் கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன். தாளைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்றார்கள். "எனக்கதுதான். ஆனா அவருக்க பூட்ஸ நான் பாக்கல்ல" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். டிக் எப்படி வந்தது என்று கேட்டார்கள். சேவியர் என்னைப் பார்த்தார். நான் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். என்னிடம் எவரும் கேட்கவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். கேட்கவில்லை.

மைதானத்து முதலுதவிப் பொறுப்பிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகும் சில வாரம் அவர் மைதானத்து வாசலில் வந்து நிற்பார். ஆட்டத்தை விட முடியவில்லை போலும் என்று எண்ணித் தலையசைப்பேன். அவரும் தலையசைப்பார். பிறகு வரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து அவர் ஊருக்கே திரும்பும் நாளில் அவர் அறைக்குப் போனேன். அட்டைப்பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார். அந்த டிக் என்னுடையது என்று நான் நின்றபடியே சொன்னேன். அவர் முடிச்சை விடவில்லை.

"தெரியும் சாரே."

"எப்போதிருந்து?"

"அன்னைக்கே. நான் விளிச்சுச் சொல்லாத ஒரு டிக்கு இருந்தா, அது யாருக்க கை?"

"ஏன் சொல்லவில்லை?"

"நான் சொன்னா தப்பிக்கப் பாக்கான்னு சொல்லுவாவ. நீங்க சொன்னாத்தான் எடுபடும். நாலு வெள்ளிக்கிழமை கேட்டுல வந்து நின்னேன்லா. ஆட்டம் பாக்கவா வந்தேன்?"

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தார். "எழுதிக் குடுங்க. ஒரு பக்கம் போதும். இங்கேருந்து லீவுல போன பயலுவ எனக்க பொண்டாட்டிக்கிட்டயும் சொல்லிட்டானுவ, உன் மாப்பிள கவனமில்லாம ஒருத்தன் காலு போச்சுன்னு. அவ என்னைய ஒண்ணும் கேக்கல்ல. அதான் கஷ்டமா இருக்கு."

தபாலில் அனுப்புவதாகச் சொன்னேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. எழுதினேன், ஆறு வரைவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல் சரியில்லை என்று தோன்றும். மேலாளர் இருக்கிறாரே என்றும் தோன்றும். பிறகு மேலாளர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகும் ஓராண்டு நான் அனுப்பவில்லை. பயப்பட ஆள் இல்லாமலே பயந்திருக்கிறேன்.

அவர் நினைவாகப் பலரிடம் பல இருக்கும். என் கையில் இருப்பது அவர் கேட்டு நான் கொடுக்காத அந்த ஒரு பக்கம். இப்போது கொடுக்கிறேன். இதன் ஆங்கிலப் பிரதி மன்றத்துக்கும், தமிழ்ப் பிரதி அவர் மனைவிக்கும் இன்று போகின்றன.

எங்கள் மேலாளரின் பூட்ஸைச் சேவியர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் ஆடியிருக்க முடியாது. சேவியர் கையெழுத்திட்டபோது அந்தக் கட்டம் காலியாக இருந்தது. சத்தம் கேட்டும், தெரிந்தும், அதில் டிக் போட்டவன் நான்.