அணைக்கு வெளியே அக்காவின் காணி

அத்தான் மாகாண சபைத் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னபோது வீட்டில் ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அக்காவின் கணவரான அவர் வேலணையில் உரமும் விதையும் விற்கும் கடை வைத்திருந்தார். நாலு பேர் கூடினால் பின்வரிசைக் கதிரையைத் தேடுகிற மனுசன். மேடையில் ஏற்றிவிட்டால் தொண்டையைச் செருமுவதிலேயே பாதி நேரம் போய்விடும். ஆனாலும் வென்றார். தீவுப்பகுதிக் கமக்காரருக்கு அந்தக் கடையைத் தெரியும், அவர் பொய் சொல்லமாட்டார் என்பதும் தெரியும்.

கொழும்பு வேலையை விட்டுவிட்டு நான் அப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். அவருக்கு வாகனம் ஓட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. கைதடியில் சபை கூடும் நாட்களில் அங்கே போவோம். மற்ற நாட்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் வாகனத்தை விட்டுவிட்டு, சனத்தோடு சனமாகப் படகேறி நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ போவோம். படகில் அவருக்காக யாராவது எழும்பினால் அவருக்குக் கூச்சமாகிவிடும். கடைசிவரை நின்றுகொண்டே வருவார்.

மாரி வந்தால் எங்கள் ஊர் வயலுக்குள் கடல்நீர் ஏறிவிடும். பயிர் கருகும், கிணறுகளும் உவராகும். அதைத் தடுக்க ஓர் அணை வேண்டும் என்பது ஊரின் நெடுநாளைய கோரிக்கை. அத்தான் அலைந்து திரிந்து அதற்கு அனுமதி எடுத்தார். வரைபடமும் வந்துவிட்டது. ஊரில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் கரையோரக் கிராமத்திலிருந்து ஒரு மீனவப் பெண் வந்தார். கத்தோலிக்கர், கணவரை இழந்தவர், கடலோரக் களப்பில் இறால் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். உள்ளே வராமல் படலையடியில் நின்றார். அத்தான் போய்க் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார்.

“அணையைக் கட்ட வேண்டாம் எண்டு சொல்ல நான் வரேல்லை, ஐயா,” என்றார் அவர். “நீங்கள் மறிக்கப் போற களப்பு வாய்க்குள்ளாலதான் எங்கட வள்ளங்கள் வந்து ஒதுங்கிறது. இறாலும் அதுக்குள்ளாலதான் வரும். ஒருக்கா வந்து பாருங்கோ.”

மறுநாள் காலையில் அத்தான் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு அந்தச் சேற்றுக்குள் இறங்கினார். தொடையளவு தண்ணீர். நான் கரையில் நின்றேன். அவரும் அந்தப் பெண்ணும் இரண்டு மீனவர்களும் களப்பின் வாயிலிருந்து வயல் எல்லை வரை நடந்தார்கள். கரையேறியதும் சேற்றைக் கழுவிவிட்டு என்னை வாகனத்தை எடுக்கச் சொன்னார்.

வரைபடம் போட்ட பொறியியலாளரிடம் கேட்டபோது, அணையை உள்ளே தள்ளிக் கட்டலாம், ஆனால் சில வயல் துண்டுகள் கடல் பக்கம் போய்விடும் என்றார். அவற்றில் பெரியது அக்காவின் சீதனக் காணி.

மத்தியானம் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தான் அதைச் சொன்னார். அக்கா அகப்பையைக் கீழே வைத்தார்.

“காணி என்ர பேரில கிடக்கு. என்னட்டக் கேட்டுப்போட்டெல்லோ அந்த எஞ்சினியரோட கதைச்சிருக்க வேணும்?”

“பிழைதான்,” என்றார் அத்தான். “இப்ப கேக்கிறன். நீர் ஏலாது எண்டால் நான் இதை விட்டிடுவன்.”

 பிறகு ஒருநாள் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு காணிக்குப் போனார். அப்பா அதை அவருக்கு எழுதிக்கொடுத்தபோது எனக்குப் பள்ளிக்கூட வயது. அக்கா வரம்பில் நின்று கடலையும் அப்பால் கட்டிக்கிடந்த வள்ளங்களையும் வெகுநேரம் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் சம்மதம் சொன்னார். மற்றவர்களுக்கு முதலில் நட்டஈடு கிடைக்க வேண்டும், தன்னுடையது கடைசியாக வந்தால் போதும் என்றும் சொன்னார்.

ஊர்க் கூட்டம் வாசிகசாலையில் நடந்தது. அத்தானின் ஒன்றுவிட்ட அண்ணனே எழும்பி, வாக்குக்காக ஊர்க் காணியைக் கடற்கரையாருக்குக் கொடுக்கிறார் என்றார். அத்தான் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார்.

“அவையள் எனக்கு வாக்குப் போடேல்லை, அண்ணை. இனிப் போடுவினமோ எண்டும் தெரியாது. எங்கட வயலுக்கு உப்புத்தண்ணி வராமல் இருக்க வேணும். அவையளின்ர அடுப்பும் எரிய வேணும். ரண்டுக்கும் நான்தானே உறுப்பினர்.”

நான் கேட்டதில் அவருடைய நல்ல பேச்சு அதுதான். அதற்குப் பிறகும் சத்தம் அடங்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழும்பி, முதலில் வெளியே போவது தன் காணி என்று சொன்ன பிறகுதான் அடங்கியது.

அணை உள்ளே தள்ளித்தான் கட்டப்பட்டது. சபையின் காலம் முடிந்தது, மறுபடி தேர்தல் வரவில்லை. பிறகு அத்தான் பிரதேச சபைத் தேர்தலில் நின்றார். எங்கள் வட்டாரமே அவரைத் தோற்கடித்தது. முடிவு தெரிந்த அன்று எனக்குத்தான் தாங்கவில்லை. அவர் முகம் கழுவிவிட்டுக் கடையைத் திறக்கப் போனார். ஒன்றுவிட்ட அண்ணன் இன்னும் அவரோடு பேசுவதில்லை. ஆனால் அந்த அண்ணனின் வயல் இந்த வருடம் நன்றாக விளைந்திருக்கிறது. அத்தான்தான் அதை எனக்குச் சொன்னார், தன் வயல் விளைந்ததைப்போல.

இப்போதும் காலையில் வீட்டுக்குச் சனம் வருகிறது. போன கிழமை ஒரு மீனவர் அடையாள அட்டை அலுவலாக வந்தார். தான் இப்போது உறுப்பினர் இல்லை என்று அத்தான் விளக்கினார்.

“அது தெரியும் ஐயா,” என்றார் அவர். “அரசாங்கக் கந்தோருக்கு ஆரோட போறது எண்டு வீட்டில கதைச்சம். உங்களோட போகச் சொல்லிச்சினம்.”

அத்தான் கடைச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சட்டையை மாற்றப் போனார்.