பாதி வழியில் காணாமல் போன அறுபது வோல்ட்

திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. திருவக்கரைப் பக்கத்து அஞ்சலை அக்காவின் வேர்க்கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் இறைக்கும் ஐந்து எச்.பி. போர்வெல் மோட்டார் அந்தக் கோடையில் இரண்டாவது தடவையாக எரிந்து வந்தது. காயில் கட்டிப் போரில் இறக்கும்போது நானும் போனேன். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொரு வாட்டி எரிஞ்சா மல்லாட்டை மொத்தமும் காஞ்சிரும் தம்பி. இப்பதான் விழுது எறங்குது. உங்க மொதலாளி மட்டக் கம்பியா கட்றாருன்னு ஊரே பேசிக்கினு கீது.”

ஸ்டார்ட்டர் ஷெட்டில் மீட்டர் வைத்தேன். நானூறு வோல்ட்.

“கரண்ட்டு கண்ணெதிர நானூறு நிக்குது. அப்புறம் இன்னாத்துக்கு எரியுது?”

கம்பி போகும் வழியைப் பார்த்தேன். இலவச கரண்ட் சர்வீஸ் பழைய கிணற்றுக்குக் கொடுத்தது, ஷெட்டும் அங்கேதான். கிணறு வற்றியதால் புதுப் போர் நானூறு மீட்டர் தள்ளி. அதுவரை வரப்போரம் இரண்டரை ஸ்கொயர் எம்.எம். அலுமினியக் கம்பி ஓடியது. இப்படி மெல்லிய கம்பியில் இழுத்துக்கொள்வது எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான்.

மோட்டாரைப் போட்டேன். ஒன்பது ஆம்பியர் இழுத்தது. பாலிடெக்னிக்கில் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது: வோல்ட் இழப்பு = 1.732 × கரண்ட் × கம்பியின் தடை × பவர் ஃபேக்டர். அவ்வளவு நீளக் கம்பிக்குத் தடை கிட்டத்தட்ட 4.8 ஓம். பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்துப் போனில் பெருக்கினேன். அறுபது வந்தது.

“அக்கா, போர் வாயில முந்நூத்தி நாப்பதுதான் இருக்கும்.”

“அங்க போவாமலேவா? குறி சொல்றியா?”

மெயினை ஆஃப் செய்து, போர் வாயில் ஜாயின்ட் டேப்பைப் பிரித்து, மோட்டாரை மறுபடி ஓடவிட்டு மீட்டர் வைத்தோம். 338.

மீட்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பரீட்சைத் தாளோடு முடிந்துபோனது என்று நினைத்த ஒரு வரி, நான் பார்க்காத இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டது.

“அறுபது வோல்ட்டு எங்க போச்சு? எவனாச்சும் கொக்கி போட்டுட்டானா?”

“இல்லக்கா, கம்பியே தின்னுடுச்சு. வோல்ட் கொறஞ்சா மோட்டாரு கரண்ட்ட அதிகமா இழுக்கும். அதான் சூடாயி எரியுது.”

பத்து ஸ்கொயர் கம்பி மாற்றினோம். தடை கால்வாசி. போர் வாயில் 385 வந்தது. அந்த வெள்ளாமை முடியும்வரை மோட்டார் எரியவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மீட்டரை நமக்கு வசதியான இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். மோட்டார் எங்கே பாடுபடுகிறதோ, அங்கே நடந்து போய் வையுங்கள்.