திடீரென்று ஏறிய மைலேஜ்

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து என் பைக்கில் மைலேஜ் குறைந்துவிட்டது. ஒரே சீராக நாற்பதில் போனால் பெட்ரோல் மிச்சமாகும் என்று எங்கோ படித்தேன்.

அன்று மறைமலை நகரிலிருந்து பல்லாவரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். ஸ்பீடோமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்னால் இருந்த மனைவிக்கு எத்தனாலைப் பற்றி விளக்கிக்கொண்டே ஓட்டினேன். பெருங்களத்தூர் சிக்னலைத் தாண்டியதும் வண்டி லேசாக ஓடியது.

"பாத்தியா, மைலேஜ் ஏறுது!" என்றேன்.

மண்டப வாசலில் "இறங்கு" என்று திரும்பினால், சீட் காலி! வழியில் விழுந்துவிட்டாளோ? தேடிப் போக வண்டியைத் திருப்பியபோது, உள்ளேயிருந்து அவளே வந்தாள்.

"சிக்னல்லயே இறங்கி பஸ் ஏறிட்டேன். தாலி கட்டியாச்சு. பந்திக்காவது வாங்க."

இப்போதும் நாற்பதில்தான் ஓட்டுகிறேன். வண்டி லேசாக ஓடினால் மட்டும், முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.