மெத்தைக்காரர் சொன்னது

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு குட்டி பால்கனி. அவ்வளவுதான் அந்தக் கம்பெனி. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நல்ல பேர் வாங்கிக் கொடுப்பது அதன் தொழில். பி.ஆர். என்று அதற்குப் பெயர். தனக்கென்று வாசலில் ஒழுங்கான பெயர்ப் பலகை கிடையாது. கண்ணாடி வாங்க வந்தவர்கள் வழி தவறி மேலே ஏறி, அங்கே செய்தி எழுதும் சீனியர் முன்னால் உட்கார்ந்து, "கிட்டப் பார்வைதான் சரியில்ல" என்பார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு பட்டதாரி அங்கே இன்டர்னாக வந்து சேருவது வழக்கம். வருவார்கள், போன் பிடிப்பார்கள், பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்புவார்கள், சான்றிதழை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். யாரையும் அங்கேயே நிறுத்திக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. இந்த முறை வந்தவள் தாவரவியல் படித்தவள். செடியோடே இருந்ததாலோ என்னவோ, அவளும் பேச மாட்டாள். சேர்ந்த அன்றைக்கே சீனியர் அவளுக்குச் 'சத்தம்' என்று பெயர் வைத்துவிட்டார். வாயை வைத்துப் பிழைக்கிற கம்பெனியில் ஊமைப் பெண்ணா என்று அவருக்கு ஒரே சிரிப்பு. அவளுக்கும் கோபம் வரவில்லை. வீட்டில் கூப்பிடுவதைவிட இது நன்றாகத்தான் இருந்தது.

ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் இருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். சத்தத்துக்கு அந்த நாற்காலி மேல் ஒரு கண். ஒரு பக்கச் செய்தியை நாலு வரியாக நறுக்குவதும், பொருத்தமாக ஒரு தலைப்பு விழுவதும் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் டைல்ஸ் கடையில் பில் போட வேண்டியதுதான். சித்தப்பா ஸ்டூல்கூட வாங்கி வைத்துவிட்டார்.

"உன்னை அங்கேயே நிறுத்திக்குவாங்கன்னு நீ நம்புறியா?" என்று அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். அவர் பஸ் ஓட்டுகிறவர். நேராகத்தான் கேட்பார்.

"தெரியலப்பா."

"நான் நம்பல. ஊரார் பெருமையைப் பேசுறதுக்கு ஒரு ஆபீஸ், அதுல உனக்கு ஒரு வேலை. நீ நம்ம பெருமையையே பேச மாட்டியேம்மா."

அவள் சோற்றைப் பிசைந்தாள். அவர் சொன்னது உண்மைதானே.

இந்த நிலையில்தான் மெத்தைக்காரர் வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தார் என்றால் ஆள் வரவில்லை, அவர் வேலை வந்தது. பழைய வாடிக்கையாளர், மெத்தைத் தொழிற்சாலை முதலாளி. இரண்டாவது தொழிற்சாலை திறக்கிறார். பத்திரிகைகளுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். சீனியர் பழைய செய்தி ஒன்றை அவளிடம் கொடுத்து, இதே மாதிரி எழுது என்றார். அதில் நடுவே முதலாளி பேசியதாக இரண்டு வரி. 'இந்த இனிய தருணத்தில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறோம்' என்று.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். அந்த மாதிரி வரிகளை எந்த முதலாளியும் பேசியதில்லை. எல்லாம் கம்பெனி எழுதுவது. மெத்தைக்காரர், தண்ணீர் பம்புக்காரர், பல் ஆஸ்பத்திரிக்காரர் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி அதே மட்டற்ற மகிழ்ச்சியைத்தான் அடைவார்கள். இது தொழிலில் இருக்கிற குழந்தைக்கும் தெரியும். அதனாலேயே சத்தத்திடம் யாரும் சொல்லவில்லை.

அவள் என்ன செய்தாள்? முதலாளி சொன்னதைப் போட வேண்டுமானால் முதலாளியிடம் கேட்கத்தானே வேண்டும் என்று நினைத்தாள். போன் என்றாலே உள்ளங்கை வேர்க்கிற பெண், பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நம்பரை அழுத்தினாள். நேரம் பாருங்கள், மெத்தைக்காரரே எடுத்தார்.

"சார், புதுத் தொழிற்சாலை பத்தி நீங்க என்ன சொல்றீங்க?"

"என்கிட்டயா கேக்குறீங்க?" என்றார் அவர். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அப்புறம் மடை திறந்த மாதிரி பேசினார். அதிலிருந்து நல்லதாக ஒரு துண்டை எடுத்து, எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே போட்டாள்:

"எனக்கு மெத்தையில தூக்கம் வராதுங்க. சின்ன வயசுல தரையில படுத்துப் பழகின உடம்பு. என் வீட்டுக்காரிதான் மெத்தையில படுப்பா. அவ குறட்டை சத்தத்தை வச்சுத்தான் சரக்கு நல்லா வந்திருக்கான்னு நான் தெரிஞ்சுக்குவேன்."

சீனியர் தலைப்பை மட்டும் பார்த்துச் சரி என்றார். மெத்தைக் கம்பெனி மேனேஜருக்கு அனுப்பினாள். அவர் எப்போதும்போலப் படிக்காமலே 'ஓகே' என்று பதில் போட்டார். கம்பெனி முதலாளியம்மாவான மேடம் பல் பிடுங்கப் போயிருந்தார். செய்தி போய்விட்டது.

மறுநாள் காலை ஆபீஸ் போன் ஓயவில்லை. இந்தக் கம்பெனியின் கடிதங்களைக் கண்ணெடுத்தும் பார்க்காத பத்திரிகைக்காரர்களெல்லாம் கூப்பிட்டார்கள். இப்படி ஒரு ஆள் நிஜமாகவே இருக்கிறாரா, பேட்டி கிடைக்குமா என்றார்கள். ஒரு பெரிய பத்திரிகை 'குறட்டை கேட்டுத் தரம் பார்க்கும் முதலாளி' என்று படத்தோடு போட்டிருந்தது. சீனியர் அதைப் படித்துவிட்டு அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"மெத்தை விக்கிறவனுக்கே மெத்தையில தூக்கம் வரலையாம். நாசமாப் போச்சு. இதை யாரு சொல்லச் சொன்னா?"

"அவர்தான் சார் சொன்னாரு."

"அவரை யாரு கேக்கச் சொன்னது?"

வீங்கிய கன்னத்தோடு மேடம் உள்ளே வந்தார். கோபம் வந்தால் கத்த மாட்டார், குரல் இறங்கும். அன்றைக்குக் குரல் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அவர் கையைக் காட்ட, சத்தம் எழுந்து நின்றாள். நாற்காலி போயிற்று, ஸ்டூல்தான் நமக்கு என்று நினைத்தாள். அழுதுவிடக் கூடாது என்று நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மறுபடி போன். மேடம் எடுத்தார், கேட்டார், முகம் வெளுத்தது. "மெத்தைக்காரர் சம்சாரம். உன்னைத்தான் கேக்குறாங்க" என்று ரிசீவரை நீட்டினார்.

"என் குறட்டையைப் பேப்பர்ல போட்ட மகராசி நீதானா?"

"ஆமாங்க. மன்னிச்சுடுங்க."

"இருக்கட்டும். எங்க வீட்டுக்காரர் பேர்ல வர்றதையெல்லாம் நான் வெட்டி வச்சிருக்கேன். மட்டற்ற மகிழ்ச்சி, மட்டற்ற மகிழ்ச்சின்னே இருக்கும். வீட்ல ஒரு நாளும் இந்த மனுஷன் அப்படிப் பேசினதில்லையே, வெளியில வேற ஆளா இருக்கார் போலன்னு மனசுக்குள்ள ஒரு வருத்தம் எனக்கு. இன்னைக்குத்தான் எங்க வீட்டு ஆளு பேப்பர்ல வந்திருக்காரு." அந்தக் குரல் கொஞ்சம் கரகரத்தது. பிறகு நிமிர்ந்துகொண்டது. "ஆனா ஒண்ணு. நான் குறட்டை விடுறதில்ல. அதை மட்டும் திருத்திப் போடணும்."

"நீங்க சொன்னதா அப்படியே போட்டுடவாங்க?"

"போடு."

போட்டார்கள். 'குறட்டை விடுவதில்லை: மெத்தை முதலாளியின் மனைவி மறுப்பு' என்று அது இரண்டாம் முறையும் வந்தது. கடைகளில் ஜனங்கள் குறட்டை மெத்தை எது என்று கேட்டு வாங்கினார்களாம். படிக்காமல் ஓகே சொன்ன மேனேஜர், எல்லாம் தன் யோசனைதான் என்று சொல்லித் திரிந்தார். அவரை விடுங்கள்.

சனிக்கிழமை மதியம் மேடம் சத்தத்தைக் கூப்பிட்டார். "என்கிட்ட காட்டாம எதையும் வெளியே விடக் கூடாது. புரிஞ்சுதா?" என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கடைசியில், "அந்த ஜன்னல் சீட்டைத் துடைச்சுட்டு உக்காரு. திங்கள்கிழமையிலேருந்து நீ இன்டர்ன் இல்ல" என்றார். அவள் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் போடுவதற்கு, புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார் என்று சீனியர் நாலு வரி எழுதி அவளிடம் காட்டினார். கடைசி வரி: 'இந்த இனிய தருணத்தில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன் என்று அவர் தெரிவித்தார்.'

"சார், நான் இப்படிச் சொல்லலையே."

சீனியர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி தாயே. கேக்குறேன். நீ என்ன சொல்றே?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள். அவர் சிரிக்காமல் அப்படியே தட்டச்சு செய்தார்.

சாயங்காலம் அவள் படி இறங்கும்போது போன் அடித்தது. பஸ்கள் உறுமும் சத்தத்துக்கு நடுவே அப்பா. அவள் அனுப்பியதைத் திறந்து, கண்டக்டருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்:

"'வீட்ல நான் சொன்னா அப்பா நம்ப மாட்டாரு, அதனால நீங்களே போட்டுடுங்க' என்று அவர் தெரிவித்தார்."

படித்து முடித்து, இன்னொரு முறையும் படித்தார்.

"நம்பிட்டேம்மா" என்றார். "சித்தப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."